இருநூற்றுப் பதினொரு படிகள்

அந்தத் தெற்கு நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் முதலில் சின்னவளைத் தாண்டித்தான் போக வேண்டும். டிராவல்ஸ் ஆபீஸ் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்கிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து நீட்டுவாள். தலைப்பு: ஒரே நாளில் பார்க்க வேண்டிய எட்டு இடங்கள். தாளைக் கையில் கொடுத்ததோடு விடமாட்டாள், வாயாலும் சொல்வாள்.

"கோட்டை வாசல்ல ஒம்பது மணிக்கு நின்னுடுங்க. பத்தைத் தாண்டினா வெயில் மண்டையைப் பிளந்துடும். மியூசியத்துக்குப் போறப்ப இடது பக்கமா நடங்க, அங்கதான் நிழல். மணிக்கூண்டுல ஏறுங்க. மொத்தம் இருநூத்திப் பதினொரு படி. மேல போனா ஊரே காலடியில கெடக்கும்."

கேட்பவர்கள் கண்ணை விரித்துக்கொண்டு, "நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்பார்கள். அவள் மேசை இழுப்பறையில் எதையோ தேடியபடி, "அது ஆச்சு நிறைய" என்பாள். உண்மையில் அவள் அந்த ஊர் மண்ணை ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

சின்னவள் என்பது அப்பா வைத்த பெயர். வீட்டில் இரண்டே பெண்கள், பெரியவள், சின்னவள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர்களை அப்பா ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளை அப்படிக் கூப்பிட இப்போது வீட்டில் ஆள் கிடையாது. ஆனாலும் தன்னைப் பற்றி நினைக்கும்போது அவளுக்கு அந்தப் பெயர்தான் வந்தது. ஆபீஸில் மேனேஜர் அவளுக்கு வைத்திருந்த பெயர் அட்டவணை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட அவள் மணி பார்ப்பாள் என்று ஒரு கேலி.

அப்பா ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தவர். முப்பத்தோரு வருஷம் ஒரு சின்ன ஓட்டை வழியாக ஊர் ஜனங்களை எல்லாம் தெற்கு நகரத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் போகவில்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு அம்மா படுத்துவிட்டாள், அம்மா போன பிறகு அவருக்குக் கண் போய்விட்டது. "போனா என்ன, நமக்குத்தான் ஒண்ணும் தெரியப் போறதில்லையே" என்று சிரிப்பார். ஆனால் யாராவது அந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் கதவுப் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெரியவளுக்கு அந்த ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்தபோது, அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய கதை இது. மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். சின்னவள் சத்தமாகப் படிக்க வேண்டும், அப்பா கேட்க வேண்டும். இன்றைக்குக் கோட்டைக்குப் போனேன், மியூசியத்தில் நீல மண்டபம் பார்த்தேன், மணிக்கூண்டில் ஏறினேன், இருநூற்றுப் பதினொரு படிகள் என்று பெரியவள் எழுதுவாள். அப்பா தொடையில் தட்டிக்கொண்டு, "மறுபடி படி, அந்தப் படியை மறுபடி படி" என்பார்.

படிக்கிறவளின் வயிறு எரியும். அப்பாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், எங்கேயோ ஒருத்தி கோபுரத்து உச்சியில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். சின்னவளுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, வீட்டு நிலைமையைப் பார்த்து வாசலோடு திரும்பிப் போனது. அக்காவோ மாதத்துக்கு ஓர் இடம் பார்க்கிறாள். எரிச்சலுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. முதல் கடிதத்தின் கடைசியில் பெரியவள் அவளுக்கென்று தனியாக எழுதியிருந்தாள். 'நீ வந்தால் நான்தான் சுற்றிக் காட்டுவேன். வேறு யாரோடும் இந்த ஊரைப் பார்த்துவிடாதே.' அந்த இரண்டு வரியைச் சின்னவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அது தனக்குத்தான் என்று வைத்துக்கொண்டாள்.

டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தெற்கு நகரத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். "எங்க அக்கா அங்கதான் இருக்கா சார்" என்றாள் சின்னவள். அன்று மத்தியானமே உட்கார்ந்து, கடிதங்களில் இருந்ததை எல்லாம் மனப்பாடமாக எழுதிக் கொடுத்தாள். அதுதான் மஞ்சள் தாள். எந்தப் பக்கம் நிழல், எத்தனை மணிக்குக் கூட்டம் என்பதெல்லாம் போய் வந்தவர்கள் சொல்லச் சொல்லப் பிறகு சேர்ந்தது. ஆபீஸில் வருஷத்துக்கு ஒருவரை இலவசமாக அனுப்புவார்கள். தன் முறை வரும்போதெல்லாம் வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்தாள். எல்லோரும் அவளைத் தாராள மனசுக்காரி என்று நினைத்தார்கள்.

பதிமூன்று வருஷத்துக்கு முன் அப்பா போனார். சின்னவள் ஹோட்டலுக்குப் போன் போட்டுச் சொன்னாள். எடுத்தவன், "சொல்லிடறோம்" என்றான். அன்று பெரியவள் வரவில்லை. மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு கடிதம் எழுதினாள். ஒரே வரி. 'ஊர் சுற்றிப் பார்த்து முடிந்ததும் வா.' ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் வந்து அழுதாள்.

அதற்குப் பதில் வரவே இல்லை. மாதக் கடிதமும் நின்றது. கோபம் ஒரு வருஷம் தாங்கியது. பிறகு அது தேய்ந்து தேய்ந்து, தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கை வேலையை நிறுத்திவிட்டு நிற்பது என்ற அளவுக்கு வந்து நின்றது.

இப்படியே போயிருக்கும். கணக்கு வாத்தியார் வந்து கெடுத்தார், அல்லது காப்பாற்றினார்.

ஓய்வு பெற்ற மனுஷர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பு தேடுகிற ரகம். தெற்கு நகரத்துக்குப் போய்த் திரும்பிய நான்காம் நாள், நான்கு பக்கப் புகார்க் கடிதத்தோடு, நான்கு மாடியும் ஏறி, மூச்சுக்கூட வாங்காமல் வந்து உட்கார்ந்தார்.

"மணிக்கூண்டுல இருநூத்திப் பதினொரு படின்னு போட்டிருக்கீங்கம்மா. நூத்தி அறுபத்தி நாலுதான் இருக்கு. ஏறும்போது எண்ணினேன். எறங்கும்போது சரிபார்த்தேன்."

"எண்ணும்போது நடுவுல விட்டுப் போயிருக்கும் சார்."

"நாப்பத்தேழு படியா?"

படி குறைவாக இருந்ததாக இதற்கு முன்பும் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். சின்னவள் சட்டை செய்யவில்லை. அக்கா எண்ணிய எண்ணிக்கை அது.

"அடுத்தது, நீல மண்டபம். அப்படி ஒண்ணு கெடையாது. சுவரெல்லாம் வெள்ளை. எப்பவுமே வெள்ளைதான்னு காவல்காரர் சொல்றார். மூணாவது, மணிக்கூண்டு மீண்டும் திறக்கப்பட்டுள்ளதுன்னு எழுதியிருக்கீங்க. மீண்டும்னா? வாசல்ல கல்வெட்டு வெச்சிருக்காங்க, படிச்சேன். சுவர்ல விரிசல் விட்டு நாப்பது வருஷம் பூட்டியே கெடந்திருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடிதான் தெறந்தாங்க. நாப்பது வருஷத்துல ஒரு ஈ காக்கா உள்ள போகல."

முன்பெல்லாம் போய் வந்தவர்கள் மணிக்கூண்டு பூட்டியிருக்கிறது என்றபோது, பழுது பார்க்க இப்போதுதான் மூடியிருப்பார்கள் என்று நினைத்திருந்த சின்னவள் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். படி எண்ணிய கடிதம் வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

"தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னும் கண்டுபிடிச்சுட்டேன்" என்று வாத்தியார் பையைத் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "துறைமுகம் பக்கத்துல ஒரு பழைய ஹோட்டல்ல தங்கினேன். வரவேற்புல படம் போட்ட போஸ்ட்கார்டு வெச்சிருந்தாங்க. ரொம்ப வருஷமா விக்காத சரக்கு, தூசி தட்டிக் கொடுத்தாங்க. மொத்தம் எட்டு. அச்சுல நீலம் தூக்கலா விழுந்துடுச்சு, அதனால வெள்ளை மண்டபமே நீலமாத் தெரியுது. பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிங்க."

ஹோட்டல் பெயர் அட்டைகள் இருந்த உறையிலேயே இருந்தது. அக்காவின் கடிதங்களில் அனுப்புநர் முகவரியாக இருந்த அதே பெயர். மணிக்கூண்டு அட்டையைத் திருப்பினாள். 'இருநூற்றுப் பதினொரு படிகள் ஏறினால் ஊரே காலடியில் கிடக்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கூரைகள், நடுவில் காற்று.' நடுவில் காற்று என்ற இடத்தில் அப்பா எப்போதும் ஒரு பெருமூச்சு விடுவார். மற்ற ஏழு அட்டைகளையும் அவள் திருப்பாமலே சொல்லியிருக்க முடியும்.

"நேர்ல போகாம, இதைப் பாத்தே எழுதிட்டீங்க, இல்லையா?" என்றார் வாத்தியார்.

"நான் எழுதல சார். எங்க அக்கா எழுதினது."

"அப்ப அவங்கதான் போகல" என்று கணக்கை முடித்துவிட்டு வாத்தியார் எழுந்தார். அட்டைகளைக் கேட்டபோது, "வெச்சுக்கோங்க, திருத்தறதுக்கு உதவும்" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டும் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடிதப் பெட்டியை இறக்கினாள். தரையில் எட்டு அட்டைகளையும் பரப்பி, கடிதங்களை ஒவ்வொன்றாக அவற்றுக்கு நேரே வைத்தாள். முதல் எட்டு மாதத்தில் எட்டு இடமும் முடிந்திருந்தது. ஒன்பதாவது மாதம் மறுபடியும் கோட்டை, இந்தத் தடவை மழையில். அடுத்த சுற்றில் சாயங்கால வெளிச்சத்தில். பதினோரு வருஷம், எட்டே அட்டைகள். அட்டையில் இல்லாத ஒரு மரம், ஒரு கடை, ஒரு மனுஷ முகம் கடிதங்களில் இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. செருப்பு. 'இந்த ஊரில் எல்லோரும் நல்ல செருப்புப் போடுகிறார்கள்.' 'இன்று ஒரு சிவப்புச் செருப்பு போனது, இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.' 'மழை பெய்தால் தண்ணீர் முதலில் எங்களைத்தான் பார்க்க வருகிறது.' இதைப் படிக்கும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். "எந்த ஊருக்குப் போனாலும் இவளுக்குச் செருப்புக் கடைதான்" என்பார். சின்னவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் பெரியவள் சொந்தக் கண்ணால் பார்த்தது கால்களை மட்டும்தான். கால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல், தெரு மட்டத்துக்குக் கீழே. இவ்வளவு நாளாக எந்தக் கோபுர உச்சியைப் பார்த்து வயிறெரிந்தாளோ, அங்கே அவள் இருந்ததே இல்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் ஊர் சுற்றிப் பார்த்து முடிந்ததும் வா என்று எழுதியிருக்கிறாள். சின்னவள் அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அப்பாவுக்கு அழுததைவிட இது அதிகம்.

மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து ஹோட்டலைக் கூப்பிட்டு, அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"இருக்காங்க, லாண்டரியில. கீழ இஸ்திரி போட்டுட்டிருப்பாங்க. கூப்பிடட்டுமா?"

"எத்தனை வருஷமா அங்க இருக்காங்க?"

"நான் சேந்ததே பத்து வருஷம். அதுக்கு ரொம்ப முன்னாடிலேருந்தே இருக்காங்க. நீங்க யாரு?"

சின்னவள் போனை வைத்துவிட்டாள். யார் என்று போனில் எப்படிச் சொல்வது. நேராக மேனேஜரிடம் போய் லீவு கேட்டாள்.

"அட்டவணைக்கு லீவா?" மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பேர்ல சேந்து கெடக்கிற லீவுக்கு நீங்க ஒரு பிள்ளையைப் பெத்து, பள்ளிக்கூடத்துல சேத்துட்டே வரலாம். எத்தனை மாசம் வேணும்?"

"ஒரு நாள் போதும் சார். தெற்கு நகரம்."

"அது உங்களுக்கு மனப்பாடமாச்சே. போயி என்னத்தைப் பாக்கப் போறீங்க?"

காலை ரயிலில் போய், மாலை ஆறு பத்து ரயிலில் திரும்புவது என்று டிக்கெட் எடுத்தாள். ஒரே நாள் திட்டம் எழுதிப் பழகிய கை, தனக்கும் ஒரே நாள்தான் எழுதியது.

ஸ்டேஷன் வாசலில் வண்டிக்காரர் ஒருவர், "சுத்திப் பாக்கணுமா? எட்டு இடம் இருக்கு" என்றார். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெரிந்துதான் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் தண்ணீர்க் குழாய், அதைத் தாண்டி வேலியிட்ட புல்வெளி, அதற்கப்புறம் மியூசியம். மியூசியம் நெருங்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாரோடும் பார்த்துவிடாதே என்று சொன்னவள் தனியாகப் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லையே. கோட்டை மதிலை ஒட்டியும் அப்படியே குனிந்த தலையோடு போனாள். ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில் ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள். அவளுக்கு எதிரே வந்ததெல்லாம் செருப்புகள். நல்ல செருப்புகள்தான் போட்டிருந்தார்கள்.

ஹோட்டலின் முன்வாசலில் கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் நுழைய மனம் வரவில்லை. பக்கவாட்டில் ஒரு குறுகிய சந்து போனது. அதில் திரும்பினாள். பத்தடி தள்ளி, தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி ஜன்னல். உள்ளிருந்து ஆவியும் சலவைத் துணி வாசனையும் வந்துகொண்டிருந்தன. குனிந்து பார்க்கவும் தைரியம் இல்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று ரயிலில் ஆறு மணி நேரம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே நின்றாள்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கொக்கு மாதிரி நிக்காதேடி. விழுந்து வைப்ப."

சின்னவள் தன் காலைப் பார்த்தாள். இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பயம் வந்தால் அப்படித்தான் நிற்பாள், ஐந்து வயதிலிருந்து. பெரியவள் அதற்காகவே அவளைக் கொக்கு என்று கூப்பிடுவாள். அப்பா காதில் விழாமல் கூப்பிடுவாள்.

இரும்புக் கதவு திறந்தது. ஐந்து படி ஏறிப் பெரியவள் வெளிச்சத்துக்கு வந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஆவியில் வெந்து வெந்து முன்கை இரண்டும் பளபளவென்று இருந்தன. ஈரக்கையை மேலங்கியில் துடைத்தாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எளச்சுட்ட" என்றாள்.

"நீ குண்டாயிட்ட" என்றாள் சின்னவள். ஆறு மணி நேர யோசனையில் இது இல்லை.

"நான்தான்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"இருபத்து நாலு வருஷமாக் காலைத்தானே பாத்துட்டிருக்கேன். உன் காலு தெரியாதா எனக்கு?" பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே குரலை மாற்றினாள். "ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் எனக்கு ஓய்வு நேரம். மணி ஒண்ணாகப் போவுது. வா, உனக்கு ஊரைச் சுத்திக் காட்டறேன். மொதல்ல மணிக்கூண்டு."

முன்னால் நடந்தாள். சந்து முனை வரைக்கும் விறுவிறுவென்று போனவள், பெரிய தெருவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வலது பக்கம் காலை எடுத்து வைத்தாள்.

"அக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக. "இடது பக்கம்."

பெரியவளின் முதுகு அப்படியே நின்றது. சின்னவள் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்துக் கொடுத்தாள். பெரியவள் அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"இதெல்லாம் நான் எழுதினது."

"ஆமா. பதினெட்டு வருஷமா இதை வெச்சுத்தான் எங்க ஆபீஸ்லேருந்து ஜனங்க இங்க வர்றாங்க."

"எல்லாம் பொய்டி."

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"போன செவ்வாக்கெழம."

பெரியவள் தாளை மடித்தாள். "அப்பாவுக்கு?"

"தெரியாது. கடைசி வரைக்கும் வீட்டுக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தார். எம்பொண்ணு இருநூத்திப் பதினொரு படி ஏறினான்னு."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் பாதியிலேயே அழுகை வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் அவள் கையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள். அங்கிருந்து வழி காட்டியது சின்னவள்தான். இதுதான் பழைய சுங்கச் சாவடி, இங்கே வெயில், அந்தப் பக்கம் போய்விடலாம், இந்தத் தூணுக்குப் பக்கத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். பெரியவள் வாயைப் பிளந்துகொண்டு, ஊருக்குப் புதுசாக வந்தவள் மாதிரி அண்ணாந்து பார்த்தபடி வந்தாள்.

"ஏன்க்கா ஒரு எடம்கூடப் பாக்கல? ஞாயித்துக்கெழம லீவு கெடையாதா?"

"மொதல்ல நேரம் கெடைக்கல. ரெண்டு ஷிப்டு. ஞாயித்துக்கெழம வந்தா தூங்கினா போதும்னு இருக்கும். அப்புறம் நேரம் கெடைச்சப்போ..." பெரியவள் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். "வேற யார்கூடவும் பாத்துடாதேன்னு உனக்கு எழுதிட்டேன் இல்ல. நான் மட்டும் எப்படிப் பாக்கறது?"

சின்னவள் பையில் எதையோ தேடுவது மாதிரி குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் விட்டுக்கொடுத்த இலவச டிக்கெட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

மணிக்கூண்டின் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. படிகள் ஆள் தோள் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றி ஏறின. பெரியவள் முன்னால், சின்னவள் பின்னால். இரண்டு பேரும் சத்தமாக எண்ணினார்கள். முப்பதாவது படியில் சின்னவள், "அக்கா, அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாம எண்ணு. கணக்கு விட்டுப் போயிடும்."

அறுபதில் பெரியவளின் முழங்கால் முனகியது. எண்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூற்று ஒன்றாவது படியில், ஒரு சின்னத் துவாரம் போல ஜன்னல் இருந்த இடத்தில், "இனி முடியாதுடி" என்று உட்கார்ந்துவிட்டாள். நாளெல்லாம் நின்று நின்று இஸ்திரி போட்ட கால். சின்னவள் அவளுக்குக் கீழே ஒரு படி விட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னல் வழியாக நாலு கூரை தெரிந்தது. கடல் தெரியவில்லை. ஆனால் கீழே தெருவில் போகிறவர்களின் தலை தெரிந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் தலைகூட இருக்கு" என்றாள்.

பிறகு அவளே பேச்சை எடுத்தாள். "அப்பா சேதி எனக்கு வர மூணு நாளாயிடுச்சு. மேல சொன்னவன் கீழ சொல்ல மறந்துட்டான். பெட்டியக் கட்டி வெச்சுட்டு லீவுக்கு நிக்கறேன், உன் லெட்டர் வந்துச்சு. பெட்டியப் பிரிச்சுட்டேன். அதுக்குப் பதில் எழுதணும்னு எத்தனையோ தடவை உக்காந்தேன். என்னத்த எழுதறது? நான் எதையும் பாக்கலடின்னு எழுதினா அப்பாவுக்கு எழுதினதெல்லாம் பொய்யாயிடும். பாத்துட்டேன்னு எழுதினா நீ சொன்னது சரின்னு ஆயிடும்."

சின்னவள் அக்காவின் முழங்காலில் நெற்றியை வைத்தாள். "தெரியாம எழுதிட்டேன்க்கா. வயித்தெரிச்சல்ல எழுதிட்டேன்." அந்தத் துணியில் இஸ்திரிச் சூட்டின் வாசனை இன்னும் இருந்தது. பெரியவள் அவள் தலையைத் தடவினாள். கரடுமுரடான கை, முடி அதில் சிக்கிச் சிக்கி இழுத்தது. சின்னவள் அசையவில்லை.

"இன்னும் எத்தனை படி இருக்கு?" என்றாள் பெரியவள்.

"எழுபத்தி மூணு."

"மீதிய நாளைக்கு ஏறலாம். இதே நேரம். இன்னிக்கு இவ்வளவுதான் கால் வரும்."

சின்னவள் நிமிர்ந்தாள். "ஆறு பத்துக்கு எனக்கு ரயில்க்கா."

பெரியவள் மடியில் இருந்த மஞ்சள் தாளைப் பிரித்தாள். விரலை வைத்து ஒவ்வோர் இடமாக எண்ணினாள். "எட்டு எடம் போட்டிருக்கு. எங்காலுக்கு ஒரு நாளைக்கு அரை எடந்தான் ஆகும்." தாளை மறுபடி நான்காக மடித்து, தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊர் சுத்திப் பாத்து முடிஞ்சதும் போ."